ஜாக்கிக்குள் பிரேக் ஆயில் ஊற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவியதால் லாரிக்கு அடியில் சிக்கி ஒருவர் இறந்தார் என்ற செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. ஊர்ப் பெயர், வயது, போலீசார் விசாரணை என்று நாலு வரியில் முடிந்துவிடும். அந்த ஜாக்கிக்கு என்ன கோளாறு, அதற்குள் என்ன ஆயில் இருந்தது, பக்கத்தில் வண்டியைத் தாங்க ஸ்டாண்டோ கட்டையோ வைத்திருந்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. நாமக்கல்லில் நாங்கள் ஜாக்கி ரிப்பேர் பார்க்கிறோம். லேத் வேலை என் கணவருக்கு. ஜாக்கியைப் பிரித்து, கழுவி, சீல் மாற்றிப் பூட்டுவது என் வேலை. அந்த நாலு வரிக்கு வெளியே இருப்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு வெளியிட்டால் லாரிக்காரர்களுக்கும் பஞ்சர் கடைக்காரர்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

முதலில் ஆயில் விஷயம். எங்களிடம் வருகிற ஹைட்ராலிக் ஜாக்கிகளில் பெரும்பாலானவை தேய்ந்துபோய் வருவதில்லை. யாரோ நல்ல எண்ணத்தில் பிரேக் ஆயில் ஊற்றிக் கெடுத்து அனுப்பியவை. டிரைவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் செய்தது நியாயமாகத்தான் தெரியும். ஜாக்கி ஏறவில்லை, ஆயில் குறைவு என்று தெரிகிறது. நடுரோட்டில் ஹைட்ராலிக் ஆயிலுக்கு எங்கே போவது? பெரிய லாரியில் பிரேக் காற்றில் இயங்கினாலும், கிளட்சுக்கு ஊற்ற ஒரு பிரேக் ஆயில் டப்பா கேபினில் கிடக்கும். பிரேக்கிலும் ஆயில்தான் தள்ளுகிறது, ஜாக்கியிலும் ஆயில்தான் தள்ளுகிறது, அப்புறம் என்ன வித்தியாசம் என்று ஊற்றிவிடுகிறார். ஜாக்கியும் அப்போதைக்கு ஏறிவிடும். அதுதான் வினை. ஏறாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கற்றுக்கொண்டிருப்பார்.

பிரேக் டப்பாவில் இருப்பது கிளைக்கால் வகைத் திரவம். மினரல் ஆயில் கிடையாது. ஜாக்கிக்குள் ஆயில் கசியாமல் அடைக்கிற சீல்கள் நைட்ரைல் ரப்பர். அது மினரல் ஆயிலில் வருடக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. பிரேக் ஆயில் பட்டால் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, மெத்தென்று ஆகிவிடும். பிரிக்கும்போது விரலில் பிய்ந்துகொண்டு வருகிற சீல்களை நான் எடுத்துவைத்துக் காட்டுவது உண்டு. பார்த்தால்தான் நம்புகிறார்கள். இதோடு போகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில மாதத்தில் சிலிண்டருக்குள் துரு பிடிக்கும். சீல் மாற்றினால் சரியாகிவிடக்கூடிய ஜாக்கி, துரு அரித்த பின்பு லேத்துக்குப் போனாலும் தேறாது. (ஜாக்கி ஆயிலை பிரேக்கிலோ கிளட்சிலோ ஊற்றுவதும் இதே அளவு ஆபத்து. அந்த ரப்பர் வேறு ஜாதி, மினரல் ஆயிலில் அது உப்பும்.)

சரி, எதைத்தான் ஊற்றுவது? பொக்லைன், டிராக்டர் ஆயில் விற்கிற கடையில் ஹைட்ராலிக் ஆயில் என்று கேளுங்கள். 32 நம்பர் கிடைத்தால் நல்லது (நம்பர் கூடக்கூட ஆயில் கெட்டி). நம் ஊர் வெயிலுக்கு 46-உம் ஓடும். பல கடைகளில் 68 மட்டும்தான் இருக்கும். அதை ஊற்றினாலும் ஜாக்கி கெடாது. மார்கழிக் காலையில் பம்ப் மந்தமாக இருக்கும், இறக்கும்போது மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். 10 டன் பாட்டில் ஜாக்கிக்கு (பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஹைட்ராலிக் ஜாக்கி) கால் லிட்டருக்கு மேல், அரை லிட்டருக்குள் பிடிக்கும். ஒரு லிட்டர் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவைத்தால் வருடங்களுக்கு வரும். வழியில் மாட்டிக்கொண்டால், பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற சிவப்பு ஏ.டி.எஃப் ஆயில் இருந்தால் அதை ஊற்றுங்கள், சீலுக்கு ஒன்றும் ஆகாது. அதுவும் இல்லையென்றால் புது என்ஜின் ஆயில். அது அழுக்கையும் ஈரத்தையும் தனக்குள்ளேயே தூக்கிவைத்துக்கொள்ளும், நுரைக்கும், ஆகவே ஊர் வந்ததும் வடித்துவிட்டு மாற்ற வேண்டும். என்ஜினிலிருந்து வடித்த கருப்பு ஆயிலைக் கனவிலும் ஊற்றாதீர்கள். ஏன் என்று சொல்ல ஜாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கைப்பிடிக்கு அடியில், ஆயிலைத் தள்ளுகிற ஒரு சின்ன தண்டு, பிளஞ்சர் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் விட்டம் என்று வையுங்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்புகிற தடித்த தண்டு, அதாவது ராம், 48 மில்லிமீட்டர். விட்டம் நாலு மடங்கு என்றால் பரப்பு 16 மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் பலம் 15 மடங்கு என்று வைத்தால், 20 கிலோ பலத்தில் நீங்கள் அழுத்துவது பிளஞ்சரில் 300 கிலோ, ராமில் 4,800 கிலோ. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும் என்ற பாஸ்கல் விதிதான். பள்ளியில் படித்ததுதான். இதே விதியை வைத்து ஜோசப் பிரம்மா என்ற ஆங்கிலேயர் 1795-இல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வரை அடிப்படை மாறவில்லை. இலவசமாக எதுவும் கிடைக்காது என்பதால், பிளஞ்சர் 24 மில்லிமீட்டர் இறங்கினால் ராம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் ஏறும். அதனால்தான் இத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 4,800 கிலோ நிற்கிறபோது உள்ளே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 265 கிலோ அழுத்தம். லாரி டயரில் நாம் ஏற்றுகிற காற்று எட்டு கிலோ சுமார். அதைப்போல முப்பது மடங்குக்கு மேல். இவ்வளவையும் தடுத்து நிறுத்துவது பேரிங் குண்டு மாதிரி சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள். ஒன்று ஜாக்கிக்குள்ளேயே இருக்கிற ஆயில் டேங்கிலிருந்து ஆயிலை உள்ளே விடுகிற உறிஞ்சு வால்வு. இன்னொன்று ஆயிலை ராமுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிவர விடாத டெலிவரி வால்வு. மூன்றாவது, ஜாக்கியை இறக்க நாம் திருகுகிற ரிலீஸ் ஸ்க்ரூவின் அடியில் இருப்பது. இந்தக் குண்டுக்கும் அது உட்காருகிற இடமான சீட்டிங்குக்கும் நடுவே ஒரு நூல் சிக்கினால் போதும், ஜாக்கி நிற்காது. நூல் என்று சும்மா சொல்லவில்லை. பட்டறைகளில் எல்லாவற்றையும் துடைக்கிற பனியன் வேஸ்ட் இருக்கிறதே, அதன் இழையைக் குண்டுக்கு அடியிலிருந்து எடுப்பது எனக்கு வாடிக்கை. ஜாக்கியின் உள்பக்கத்தை பனியன் வேஸ்டால் துடைக்காதீர்கள். டீசலில் கழுவி, காற்றடித்துக் காயவையுங்கள். கருப்பு ஆயிலிலும் இதே சங்கதிதான். அதில் மிதக்கிற கரியும் இரும்புத் துகளும் நேராகக் குண்டுக்கு அடியில் போய்த்தான் உட்காரும்.

கவுன்டரில் வந்து டிரைவர்கள் சொல்கிற புகாரை வைத்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம். "அடிக்க அடிக்கப் பஞ்சு மாதிரி இருக்குதுங்க, ஏறவே மாட்டேங்குது" என்றால் பெரும்பாலும் உள்ளே காற்று. பாட்டில் ஜாக்கியை டூல் பாக்ஸில் படுக்கப்போட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஆட்டிக்கொண்டு வந்தால் காற்று பம்புக்குள் போகாமல் என்ன செய்யும்? இதற்கு ரிப்பேரே தேவையில்லை. ஜாக்கியை நிமிர்த்தி வைத்து, ரிலீஸ் ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்தி, ஆயில் ஊற்றும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள். ராமைக் கையால் முழுவதும் மேலே இழுத்து, பிறகு அழுத்தி இறக்குங்கள். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு அடித்துப் பாருங்கள். ஒரு முறையில் போகாவிட்டால் இன்னொரு முறை. இதைச் செய்துகொடுத்து நான் காசு வாங்குவதில்லை. புது ஜாக்கி வாங்கலாம் என்று வந்தவர்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"முக்கால்வாசி ஏறி நின்றுவிடுகிறது" என்றால் ஆயில் குறைவு. ஆயில் மட்டத்தை ராம் முழுவதும் இறங்கிய நிலையில், ஜாக்கி நிமிர்ந்து நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். துளையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் சரி. ராம் மேலே நிற்கும்போது நிறைய ஊற்றிவிட்டால், இறக்கும்போது அந்த ஆயில் எல்லாம் டேங்குக்குத் திரும்ப இடம் இருக்காது. மூடி பிதுங்கி ஊற்றும், இல்லையென்றால் ராம் கடைசிவரை இறங்காது.

வெறுமனே ஏறுகிறது, லோடு வைத்தால் கைப்பிடி லேசாகக் கீழே போகிறது, ஏறுவதில்லை என்றால் உறிஞ்சு வால்வின் குண்டு அடைக்கவில்லை. அடிக்கிற ஆயில் திரும்ப டேங்குக்கே போகிறது.

கைப்பிடியை விட்டால் அது தானாக மேலே எழும்புகிறதா? அது டெலிவரிக் குண்டு. ராமின் கீழ் இருக்கிற ஆயில் திரும்பிவந்து பிளஞ்சரைத் தள்ளுகிறது. இதை டிரைவர்கள் "உதைக்குது" என்பார்கள். உதைக்கிற ஜாக்கியைச் சிலர் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள், கைப்பிடியின் மேல் காலை வைத்து மிதித்தபடி டயரைக் கழற்றுகிறார்கள். எனக்குக் கேட்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

ஆனால் உண்மையில் ஆளைக் கொல்வது சத்தமில்லாமல் இறங்குகிற ஜாக்கி. ஏற்றும்போது நன்றாக ஏறும், கைப்பிடியும் உதைக்காது, சொட்டு ஆயிலும் வெளியே வராது. பத்து நிமிஷத்தில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அந்த ஒரு விரற்கடையில் வண்டி லேசாகச் சாயும், ஜாக்கியின் தலையில் அச்சு உட்கார்ந்திருந்த இடம் மாறும், அப்புறம்தான் ஜாக்கி நழுவும். பத்திரிகையில் வருவது அந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான். எல்லா விபத்தும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. சரிவில் நிறுத்தியது, மண்ணில் ஜாக்கி புதைந்தது, சித்திரை வெயிலில் இளகிய தாரில் அடிப்பாகம் ஒருபக்கமாக அமுங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இறங்குகிற ஜாக்கியை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். லோடு வண்டியைக் கொஞ்சம் தூக்கி, டயரைக் கழற்றாமல், அடியில் யாரும் போகாமல், ராம் ஜாக்கியின் உடம்பிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கோடு உள்ளே போயிருந்தால் அந்த ஜாக்கியை வண்டியில் வைக்காதீர்கள். இவ்வளவு எளிய சோதனையை எந்த ஷெட்டிலும் வழக்கமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

இறங்குவதற்குக் காரணம் எது என்று பார்ப்பதும் கஷ்டமில்லை. ராமைச் சுற்றி ஆயில் வளையம் கட்டியிருந்தால் ராம் சீல் போயிருக்கிறது. வெளியே சுத்தமாக இருந்தால் ரிலீஸ் ஸ்க்ரூவின் சீட்டிங்கைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இதைக் கெடுப்பது அழுக்கு பாதி, முரட்டுக் கை பாதி. ஜாக்கி கொஞ்சம் இறங்குகிறது என்றதும் ஸ்க்ரூவில் ஸ்பேனரோ பைப்போ மாட்டி இறுக்குவார்கள். சீட்டிங் நசுங்கும். அடுத்த முறை இன்னும் இறுக்க வேண்டியிருக்கும். கைப்பிடியின் நுனியை வைத்துக் கையால் இறுக்கியதற்கு நிற்காத ஜாக்கி, எதற்கும் நிற்காது. பட்டறையில் நாங்கள் சீட்டிங்கைச் சுத்தம் செய்து, ஒரு குண்டை வைத்து, பித்தளைக் கம்பியால் ஒரே தட்டு தட்டுவோம். குண்டு தனக்கு வேண்டிய இடத்தை அதில் பதித்துக்கொள்ளும். தட்டிய குண்டை எடுத்துவிட்டுப் புதுக் குண்டைப் போட வேண்டும். இறக்கும்போதும் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகத் திறந்தால் போதும். இரண்டு சுற்றுக்கு மேல் போனால் ஆயிலோடு குண்டும் வெளியே வந்து ரோட்டில் உருண்டுவிடும். குண்டு இல்லாத ஜாக்கியைக் கொண்டுவந்து "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு" என்பவர்கள் ஏராளம்.

சீல் கிட் வாங்கி நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கப் மாதிரி இருக்கும் சீலின் வாய், அழுத்தம் வருகிற பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எவ்வளவு புது சீலாக இருந்தாலும் நிற்காது. ராமில் துருக் குழி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஏமாற வேண்டாம். குழி அப்படியே இருக்கும், புது சீலை ஒரு வாரத்தில் அறுத்துவிடும். வேலை முடிந்ததும் ராமை முழுவதும் இறக்கி வைத்தால் இந்தத் துருவே வராது.

எங்களிடம் வந்து, "லோடு ஏற மாட்டேங்குது, உள்ளே இருக்கிற சேஃப்டி ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. ஓவர்லோடு ஆனால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிட கம்பெனியிலேயே அளந்து வைத்த வால்வு அது. நான் தொடுவதில்லை. கைப்பிடியின் மேல் நீளமான பைப்பை மாட்டி இழுப்பதும் அதே வேலைதான். கைப்பிடியின் நீளமே, ஒரு ஆள் பலத்தில் அந்த ஜாக்கியின் டன் அளவு வருகிற மாதிரி கணக்குப் போட்டு வைத்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். பல வண்டிகளின் டூல் பாக்ஸில் அதற்கு முன் வாங்கிய அதே ஜாக்கிதான் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும்போது அச்சின் பாதி எடைதான் வரும், 10 டன் ஜாக்கி தாங்கும், உண்மைதான். ஆனால் ஓவர்லோடு, சரிவு, பழைய சீல் மூன்றும் சேர்ந்தால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இருக்காது.

எங்கள் ஜாக்கி வியாபாரத்துக்கு எதிராக ஒன்று சொல்கிறேன். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு உண்டானது. தாங்கி நிற்பதற்கு உண்டானது இல்லை. புது ஜாக்கிக்கும் இது பொருந்தும். பழைய டிரைவர்கள் சிலர் இன்னமும் திருகு ஜாக்கியை விடாமல் வைத்திருப்பதைக் கிளீனர் பையன்கள் கேலி செய்வார்கள். மரை தானாகத் திரும்பாது, ஆகவே அது இறங்காது. தாழ்வான வீடுகளை உயர்த்துகிறவர்கள் சுவருக்கு அடியில் வரிசையாக வைப்பதும் திருகு ஜாக்கிகளைத்தான். ஹைட்ராலிக்கில் தூக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கியதும் சேஸிக்கோ அச்சுக்கோ அடியில் ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி எடையை ஸ்டாண்டின் மேல் விட்டுவிட்டு, அப்புறம் கையை உள்ளே விடுங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனமான கட்டை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடாது, நொறுங்கிவிடும். தூக்குவதற்கு முன்பே மற்ற டயர்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள்.

தங்களிடமும், தங்கள் பத்திரிகை வழியாக மற்றவர்களிடமும் சில வேண்டுகோள்கள். இப்படி ஒரு மரணச் செய்தி வரும்போது, ஸ்டாண்டு வைத்திருந்தார்களா என்று நிருபர் ஒரு வரி கேட்டு எழுதட்டும். அந்த ஒரு வரியைப் படிக்கிற நூறு பேரில் பத்துப் பேராவது தங்கள் டூல் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள். லாரி உரிமையாளர் சங்கங்கள் வண்டிக்கு ஒரு ஜோடி ஸ்டாண்டு கட்டாயம் என்று தங்களுக்குள் முடிவு செய்யலாம். ஒரு டயர் விலையை நினைத்தால் அது பெரிய செலவே இல்லை. ஜாக்கி தயாரிக்கிற கம்பெனிகள் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது முதல் மழையிலேயே உரிந்துவிடும். 'ஹைட்ராலிக் ஆயில் மட்டும், பிரேக் ஆயில் கூடாது' என்று தமிழிலும் இந்தியிலும் உடம்பிலேயே பொறித்துக் கொடுத்தால் என் வேலை பாதி குறையும். குறைந்தால் பரவாயில்லை, எங்களுக்கு லேத் வேலை இருக்கிறது.

எந்த ஜாக்கியை ரிப்பேர் செய்யலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். சீல், குண்டு, சீட்டிங், ஆயில் சம்பந்தப்பட்டது எதுவானாலும் பார்க்கலாம். ராம் வளைந்திருந்தால், அடிப்பாகத்தில் விரிசல் விழுந்திருந்தால், அந்த விரிசலை மறைக்க யாராவது வெல்டிங் வைத்திருந்தால், எங்களிடமும் கொண்டுவராதீர்கள், வேறு யாருக்கும் விற்காதீர்கள். காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள். போடுவதற்கு முன் ரிலீஸ் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாராவது பெயின்ட் அடித்துத் திரும்பவும் சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஜாக்கிப் பட்டறை வாசகி,
நாமக்கல்.